ஆழப் போன ஆணி பலமான ஆணி அல்ல

கேள்வி: ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் பின்வளவில் அப்பா, அம்மாவுக்காக ஒரு கார்டன் சூட் (சிறு தனிவீடு) கட்டுகிறோம். பெர்மிட் எடுத்து, மரச்சட்டம் நிறுத்தி, வெளிச்சுவர் முழுவதும் அரை அங்குலப் பிளைவுட் அடித்தாயிற்று. பார்க்க வந்த இன்ஸ்பெக்டர், இரண்டு சுவர்களில் ஆணிகள் பலகைக்குள் அமிழ்ந்திருக்கின்றன, சில ஆணிகள் ஸ்டட்டில் (பலகைக்குப் பின்னால் நிற்கும் மரக்காலில்) படவே இல்லை, திருத்தாமல் மூடக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். வேலை எடுத்த தம்பி எங்கள் ஊர்க்காரர், நேர்மையானவர். "ஆணி ஆழமாய்ப் போனால் இன்னும் இறுக்கமாய்த்தானே அக்கா பிடிக்கும், இவங்கள் சும்மா கரைச்சல் தாறாங்கள்" என்கிறார். வேண்டுமென்றால் ட்ரைவோல் (உட்சுவர் ஜிப்சம் பலகை) திருகாணிகளை இடையிடையே முடுக்கித் தருவதாகவும் சொல்கிறார். யார் சொல்வது சரி? எல்லாப் பலகையையும் கழற்ற வேண்டி வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்ஸ்பெக்டர் சொன்னதுதான் சரி. ஆனால் எல்லாப் பலகையையும் கழற்ற வேண்டி வராது. பெரும்பாலும் இடையில் புதிய ஆணிகளை அடித்தே திருத்திவிடலாம். ட்ரைவோல் திருகாணி மட்டும் வேண்டவே வேண்டாம். அவசரத்துக்கு இவ்வளவு போதும். ஆனால் அந்தத் தம்பியோடு பேசப் போவது நீங்கள். அவர் சொல்வது முதலில் கேட்கும்போது நியாயமாகவே படும். அதனால் காரணங்களையும் விரிவாக எழுதுகிறேன். அவை தெரிந்தால் மீதிச் சுவர்களையும் நீங்களே ஒருமுறை நடந்து பார்த்துக்கொள்ளலாம்.

மரச்சட்ட வீட்டில் வெளிப்பலகைக்குச் சுவரை மூடுவதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. வெறும் ஸ்டட்டுகளை நிறுத்திப் பக்கத்திலிருந்து தள்ளினால், நேராக நின்ற சட்டம் ஒரு பக்கமாகச் சரியும். பலகை அடித்த பிறகு அது அசைய மறுக்கும். காற்று கூரையையும் சுவர்களையும் தள்ளுகிற விசை சட்டத்திலிருந்து பலகைக்குப் போய், பலகை வழியாக அத்திவாரத்துக்கு இறங்குகிறது. சட்டத்திலிருந்து பலகைக்குப் போக அந்த விசைக்கு ஆணிகளைத் தவிர வேறு பாதை கிடையாது. அடியில் நன்றாக நங்கூரமிட்ட சுவர்களை ஆய்வுகூடத்தில் தள்ளிப் பார்க்கும்போது பலகை நடுவில் கிழிவது அபூர்வம். முதலில் இளகுவது விளிம்போரமாக வரிசையில் இருக்கும் ஆணிகள்தான். பலகை விளிம்புகளில் 150 மி.மீ.க்கு ஓர் ஆணி, நடு ஸ்டட்டுகளில் 300 மி.மீ.க்கு ஓர் ஆணி என்று விதி வைத்திருப்பதும் இதனால்தான். விளிம்பில் இருப்பவைதான் கூடுதலாக உழைக்கின்றன.

இனி ஒரே ஓர் ஆணியை எடுத்துக்கொள்வோம். பலகை ஒரு பக்கமும் ஸ்டட் மறுபக்கமும் இழுக்கும்போது அந்த இடத்தில் என்னென்ன நடக்கலாம்? ஆணித் தண்டு அழுத்தும் இடத்தில் மரம் நசியலாம். ஆணி வளையலாம். ஆணித் தலை பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். பலகையின் விளிம்பு கிழிந்து ஆணி வெளியே வரலாம். ஸ்டட்டிலிருந்து ஆணி உருவிக்கொண்டும் வரலாம். நசிவதையும் வளைவதையும் சேர்த்துக் கணக்கிடும் வழியை டென்மார்க்கைச் சேர்ந்த யொஹான்சன் 1949இல் வெளியிட்டார். இன்று கனடாவின் மரக் கட்டமைப்பு விதிநூலான சிஎஸ்ஏ ஓ86 உட்படப் பல நாட்டு விதிகள் அதன்மேல்தான் நிற்கின்றன. எங்களுக்கு வேண்டியது முதல் இரண்டு விதமான இளக்கம். மரம் கொஞ்சம் நசிந்து ஆணி வளையும்போது சுவர் ஆடும், கிறீச்சிடும், ஆனாலும் பிடி விடாது. புயலின் சக்தியை ஆணி வளைந்து வளைந்து வாங்கிக்கொள்ளும். மற்ற மூன்றும் திடீரென்று நடப்பவை. ஓர் ஆணி விட்டால் அதன் பாரம் பக்கத்து ஆணிக்குப் போகும், அதுவும் விடும், சட்டைத் தையல் பிரிவதுபோல ஒரு வரிசையே போய்விடும். ஆணி இணைப்பின் வலிமையைப் பாதிக்கும் காரணங்கள் பல உண்டு. அவற்றில் எதைப் பார்க்கும்போதும் நான் கேட்பது ஒன்றுதான்: ஆணி வளைய முன்னர் வேறு ஏதாவது விட்டுவிடுமா?

உங்கள் சுவரில் அமிழ்ந்த ஆணிகளுக்கு இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் அரை அங்குலம் என்று சொல்வது இங்கே 12.5 மி.மீ. பிளைவுட். மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது. ஆணித் தலை 3 மி.மீ. உள்ளே போனால் மேல்தாள் நார் அறுந்துவிடுகிறது. அந்த இடத்தில் தலைக்குக் கீழே மிஞ்சுவது 9.5 மி.மீ. பலகை. நீங்கள் காசு கொடுத்தது ஒரு தடிப்புக்கு, ஆணிக்குக் கிடைப்பது அடுத்த மெல்லிய தடிப்பு. தலையைத் தாங்கவேண்டிய மேல்தாள் உடைந்திருப்பதால், சுவர் இப்படியும் அப்படியும் ஆடும் ஒவ்வொரு முறையும் தலை இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். கடைசியில் ஆணி ஸ்டட்டில் அப்படியே நிற்க, பலகை மட்டும் கழன்று வரும்.

தம்பி சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அமிழ்ந்த ஆணி கையால் அசைத்துப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். ஒரே திசையில் ஒருமுறை மெதுவாக இழுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். வித்தியாசம் தெரிவது சுவர் மாறி மாறி ஆடும்போதுதான். கலிபோர்னியாவில் 1994 ஜனவரி 17ஆம் திகதி நோர்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் சேதமடைந்த மரச்சட்டக் கட்டடங்களைப் பரிசோதித்தபோது, நெயில் கன் என்ற ஆணித் துப்பாக்கியால் அளவுக்கு மீறி ஆழமாக அடித்த ஆணிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன. ரொறன்ரோவில் நிலநடுக்க ஆபத்து குறைவு. எங்களுக்குக் காற்றுதான் கவலை. காற்றும் ஒரே சீராகத் தள்ளுவதில்லை, வீசி வீசித்தான் அடிக்கிறது.

எவ்வளவு அமிழலாம் என்றும் கேட்பீர்கள். காற்றையும் நிலநடுக்கத்தையும் தாங்கவேண்டிய சுவர்களில் பலகைத் தடிப்பின் 15 வீதத்துக்கு மேல் ஆணி அமிழக்கூடாது என்பது ஓ86இன் கணக்கு. உங்கள் பலகைக்கு அது 2 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. நான் வேலைத்தளத்தில் சொல்வது இன்னும் எளிது: தலை பலகையின் முகத்தோடு மட்டமாக இருக்கட்டும், விரலால் தடவினால் குழி தட்டக்கூடாது. இப்படி அமிழ்வதற்குப் பெரும்பாலும் நெயில் கன்னுக்குக் காற்றுக் கொடுக்கும் கொம்பிரசரின் அழுத்தம்தான் காரணம். கடினமான மரத்துக்கு வைத்த அழுத்தத்தை மாற்றாமல் மென்மையான ஸ்டட்டில் அடித்தால் ஆணி பாய்ந்து போகும். அழுத்தத்தைக் குறைத்து, தலை சற்று வெளியே நிற்கும்படி அடித்து, கடைசி ஒன்றிரண்டு மில்லிமீற்றரைச் சுத்தியலால் தட்டினால் பிரச்சினை அங்கேயே தீரும். நேரம் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் இந்த நேரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஸ்டட்டில் படாத ஆணிகளை இங்கே வேலைக்காரர்கள் ஷைனர் என்பார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் ஸ்டட்டின் பக்கத்தில் பளபளவென்று நிற்கும். அவை சுவருக்கு எதுவுமே செய்வதில்லை. குளிர்காலத்தில் அந்தக் குளிர்ந்த கம்பியில் உள்ளீரம் படிந்து உறையும், பிறகு சொட்டும். அமிழ்ந்த ஆணியாவது கொஞ்சம் பிடிக்கும், இது பூச்சியம். 1992 ஓகஸ்ட்டில் புளோரிடாவைத் தாக்கிய அன்ட்ரூ சூறாவளியில் கூரைப்பலகைகள் பறந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, கூரைச்சட்டத்தில் படாமல் போன ஆணிகளும் ஸ்டேப்பிள்களும்.

ஏன் தவறுகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குச் செய்து பாருங்கள். ஸ்டட்டின் முகம் 38 மி.மீ. இரண்டு பலகைகள் அதன்மேல் சந்திக்கின்றன. ஈரத்தில் உப்ப இடம் வேண்டும் என்பதற்காக இடையில் 2 அல்லது 3 மி.மீ. விடுகிறோம். மிஞ்சுவது பலகைக்கு ஏறத்தாழ 17 மி.மீ. ஆணி பலகை விளிம்பிலிருந்து 9 மி.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு கிழியும். அப்படி வைத்தால் ஸ்டட்டின் விளிம்புக்கும் ஆணிக்கும் இடையில் 8 மி.மீ.தான் மிச்சம். துப்பாக்கியைச் சற்றுச் சரித்துப் பிடித்தாலோ, ஸ்டட் கொஞ்சம் முறுக்கியிருந்தாலோ ஆணி வெளியே போய்விடும். இது கவனக்குறைவு மட்டுமல்ல, இடமே அவ்வளவு நெருக்கம். ஆகவே பலகை வைத்தவுடன் ஸ்டட்டின் நடுக்கோட்டைச் சுண்ணக்கயிறு தட்டிக் குறித்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இடைவெளி நெருக்கமான ஆணி வரிசை வேண்டிய சுவர்களில் பொறியியலாளர்கள் சந்திப்பில் இரட்டை ஸ்டட் கேட்பதும் இதற்காகத்தான். நல்ல வேளை, நீங்கள் பிளைவுட் போட்டிருக்கிறீர்கள். தாள்கள் குறுக்காக ஒட்டியிருப்பதால் விளிம்பருகே நேராகப் பிளந்து போகாமல் தாங்கும். மழையில் நனைந்து காய்ந்தாலும் மரச்சீவல்களை ஒட்டிச் செய்யும் ஓஎஸ்பி பலகையின் விளிம்புபோல அவ்வளவு உப்பாது.

அடுத்து, திருத்தத்துக்கு வாங்கும் ஆணியின் பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பலர் நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள். பக்கவாட்டு இழுவைக்கு விட்டம்தான் முக்கியம், ஏனென்றால் ஆணி வளையும் இணைப்பில் வலிமை ஏறத்தாழ விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. சாதாரணக் கம்பி ஆணியில் 51 மி.மீ. நீளமானது 2.84 மி.மீ. தடிப்பு, 63.5 மி.மீ. நீளமானது 3.25 மி.மீ. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் இரண்டாவது சுமார் 30 வீதம் கூடுதலாகத் தாங்கும். நெயில் கன் ஆணிகளில் ஒரே நீளத்துக்கு இரண்டு மூன்று தடிப்புகள் விற்கிறார்கள், மெல்லியது மலிவு. வரைபடத்தில் என்ன விட்டம் எழுதியிருக்கிறதோ அதையே வாங்கச் சொல்லுங்கள். தலை முழு வட்டமாக இருப்பது நல்லது. ஒரு பக்கம் வெட்டிய தலைக்குப் பலகையைப் பிடிக்கும் பரப்பு குறைவு. 51 மி.மீ. ஆணி உங்கள் பலகையைத் தாண்டி ஸ்டட்டுக்குள் 38 மி.மீ. போகும், விட்டத்தின் 13 மடங்கு. அது தாராளம். நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே கடையில் கிடைக்கும் ஸ்டட் பெரும்பாலும் எஸ்பிஎஃப் என்ற ஸ்ப்ரூஸ், பைன், ஃபர் கலவை. அதன் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.42. டக்ளஸ் ஃபர் 0.49. பக்கவாட்டாக இழுக்கும்போது அடர்த்தியின் பங்கு சிறியதாகவே இருக்கும். நேராக உருவும்போது கதை வேறு: அடர்த்தியின் வர்க்கத்துக்கும் மேலான வேகத்தில் பிடி கூடும், அதனால் டக்ளஸ் ஃபரில் அதே ஆணி 40 வீதத்துக்கும் மேல் கூடுதலாகப் பிடிக்கும். இதற்காக நீங்கள் மரத்தை மாற்றப் போவதில்லை. ஆனால் ஈரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்டட்டில் எஸ்-ட்ரை அல்லது கேடி-எச்டி என்று முத்திரை இருக்கிறதா? இருந்தால் ஆலையிலிருந்து வரும்போது ஈரம் 19 வீதத்துக்கு மேல் இல்லை. பச்சை மரத்தில் அடித்த ஆணி முதலில் நன்றாகப் பிடிக்கும். பிறகு மரம் காயும்போது நார் சுருங்கி ஆணியை விட்டு விலகும். ஈரத்தில் அடித்து, பின்னர் காய்ந்த மரத்தில் வழுவழுப்பான ஆணியின் உருவும் வலிமையில் கால் பங்கைத்தான் அமெரிக்க மர வடிவமைப்பு விதி கணக்கில் எடுக்கிறது. முத்திரையுள்ள மரமும் வாரக்கணக்காக மழையில் கிடந்தால் பச்சை மரம் மாதிரித்தான். ஈரமானி சின்னக் கருவி, தம்பியிடமே இருக்கும். 19க்குக் கீழே இறங்கியதும் திருத்த வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். அடிச்சட்டம் மருந்தூட்டிய மரமென்றால் அங்கே மட்டும் சூட்டில் தோய்த்த நாக முலாம் பூசிய ஆணி வேண்டும், ஏனென்றால் அந்தச் செப்பு மருந்து சாதாரண இரும்பைத் தின்னும்.

திருகாணிக்கு வருகிறேன். திருகாணி உருவுவதற்கு எதிராக ஆணியைவிட மிக நன்றாகப் பிடிக்கும். தரைப்பலகைக்கு நான் எப்போதும் திருகாணியும் பசையும்தான் சொல்வேன், தரை கிறீச்சிடாது. ஆனால் ட்ரைவோல் திருகாணி கடினமாக்கிய மெல்லிய உருக்கு. அது வளையாது, பக்கவாட்டாக இரண்டு மூன்று முறை ஆட்டினால் படக்கென்று முறியும். சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒன்றை மரத்தில் பாதி முடுக்கி, பக்கத்தில் ஓர் ஆணியையும் பாதி அடித்து, இரண்டையும் சுத்தியலால் இடமும் வலமும் தட்டச் சொல்லுங்கள். தம்பிக்கு என் கடிதத்தைவிட அது நன்றாக விளங்கும். கட்டமைப்புக்கென்றே சோதித்து விற்கும் திருகாணிகளும் உண்டு. அவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் ஆணிக்குப் பதில் எத்தனை, எவ்வளவு இடைவெளியில் என்று பொறியியலாளர் எழுதித் தர வேண்டும். பலகைக்கும் ஸ்டட்டுக்கும் இடையில் பசை பூசும் யோசனை வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுவர் விறைப்பாகும், ஆனால் ஆணி வளைந்து கொடுக்கும் அந்த நல்ல குணம் போய்விடும்.

சுவர் திறந்திருக்கும்போதே கூரையையும் பாருங்கள் என்று நானாகவே கேட்டுக்கொள்கிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். 2014 ஜூன் 17ஆம் திகதி ஒன்ராறியோவின் அங்கஸ் ஊரைச் சுழற்காற்று தாக்கியபோது, கூரை பறந்த வீடுகளில் வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டவற்றில் ஒன்று, கூரைச்சட்டத்தையும் சுவரையும் சேர்க்க வேண்டிய ஆணிகளில் சில இல்லவே இல்லை என்பது. 2021 ஜூலை 15ஆம் திகதி பரி நகரிலும் கூரைகள் போயின. ஒவ்வொரு கூரைச்சட்டமும் சுவர் மேற்சட்டத்தில் உட்காரும் இடத்தில் 82 மி.மீ. ஆணிகள் மூன்று சரிவாக அடித்திருக்க வேண்டும் என்பது விதி. ஏணியில் ஏறி எண்ணிப் பார்த்துவிடலாம். என் விருப்பம், ஒவ்வொன்றுக்கும் ஓர் இரும்புப் பட்டியும் போடுவது, செலவு சொற்பம். கூரைப்பலகையில் காற்று ஆணியை நேராக உருவப் பார்க்கும், ஆகவே அங்கே வளையம் வெட்டிய ஆணிதான் நல்லது. அதன் பிடி வழுவழுப்பான ஆணியைவிட மிகவும் கூடுதல், மரம் காய்ந்தாலும் அவ்வளவாகக் குறையாது. எங்கள் விதிநூல் ஆணியை உருவும் திசையில் காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் மட்டுமே நம்ப அனுமதிக்கிறது, நிரந்தரப் பாரத்துக்கு அனுமதிப்பதே இல்லை. அம்மாவுக்குச் சமையலறை மேலலமாரி மாட்டும்போது இதை நினைவில் வையுங்கள். அது ஸ்டட்டுக்குள் போகும் தகுந்த திருகாணியில் நிற்க வேண்டும்.

இனித் திருத்தும் முறை. அமிழ்ந்த ஆணிகளைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் மேல்தாள் இன்னும் கிழியும். இரண்டு பழைய ஆணிகளுக்கு நடுவில், அதாவது 75 மி.மீ. தள்ளி, அதே அளவு ஆணியைப் புதிதாக அடிக்க வேண்டும். பழைய வரிசைக் கோட்டிலிருந்து இரண்டு மூன்று மி.மீ. விலகியிருந்தால் ஸ்டட் நார் வழியே பிளக்காது. ஆனால் பலகை விளிம்பிலிருந்து 9 மி.மீ. என்பதை விட்டுக் கொடுக்கக்கூடாது. ஷைனர்களை உள்ளேயிருந்து அடித்துக் கழற்றிவிட்டு, கோடு குறித்துச் சரியான இடத்தில் புதியது அடிக்கட்டும். தலை பாதித் தடிப்புக்கும் மேல் போயிருந்தாலோ, விளிம்பு வெடித்திருந்தாலோ, ஒரே ஸ்டட்டில் பிளவு கண்ணுக்குத் தெரிந்தாலோ அந்தப் பலகையை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு சுவரில் அப்படி ஒன்றிரண்டுக்கு மேல் வராது என்று எதிர்பார்க்கிறேன்.

எண்ணிக்கையையும் பாருங்கள். அமெரிக்கப் பலகை உற்பத்தியாளர் சங்கமான ஏபிஏ, விளிம்பு ஆணிகளில் 20 வீதத்துக்கு மேற்படாதவை 3 மி.மீ. வரை அமிழ்ந்திருந்தால் கூடுதல் ஆணி கேட்பதில்லை. அதைக் காட்டி இன்ஸ்பெக்டரோடு வாதாட வேண்டாம், இங்கே அவர் பார்ப்பது எங்கள் விதியை. ஆனால் எந்தச் சுவரில் முதலில் கை வைப்பது என்று முடிவுசெய்ய அது உதவும். ஒவ்வொரு பலகையிலும் அமிழ்ந்தவற்றைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டால் ஐந்து நிமிடத்தில் படம் தெளிவாகிவிடும். உங்கள் வரைபடத்தில் பொறியியலாளர் தனியாக ஆணி அட்டவணை கொடுத்திருந்தால், திருத்தத்தை முதலில் அவருக்கு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கடிதத்தைக் காட்டினால் இன்ஸ்பெக்டரின் வேலையும் சுலபமாகும்.

தம்பியை நிறுத்திவிட்டு வேறு ஆள் பார்க்க வேண்டிய அளவு குற்றம் இதில் இல்லை. கொம்பிரசர் அழுத்தத்தைக் குறைத்து, கழிவுப் பலகைத் துண்டொன்றை ஸ்டட் துண்டில் வைத்து நாலைந்து ஆணி அடித்துப் பார்த்துவிட்டுச் சுவருக்குப் போகச் சொல்லுங்கள். தினமும் காலையில் அதைச் செய்யட்டும். திருத்திய சுவர்களை அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹவுஸ் ராப் (வெளிச்சுவரை மூடும் ஈரத்தடுப்புத் தாள்) போர்த்துவதும் இன்சுலேஷன் வைப்பதும் இன்ஸ்பெக்டர் திரும்ப வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு.